தங்கச்சிக்க தாடையில இருக்க வெள்ளைக்கு செல் ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. தங்கச்சிக்கு 23 வயசு, வலது தாடையில தொடங்கி காதுக்குக் கீழ வழியா கழுத்து வரைக்கும் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை, டாக்டர்மாரு விட்டிலிகோன்னு சொல்லுற நோய். ஒன்பதாவது படிக்கும்போது வந்தது. க்ரீம் போட்டாச்சு, மாத்திரை தின்னாச்சு, ஒரு வருஷம் லைட் ட்ரீட்மெண்டும் எடுத்தாச்சு, அசையல. இப்ப திருவனந்தபுரத்துல ஒரு டாக்டர் செல் ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணலாம்னு சொல்லிருக்காரு. தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள பண்ணிரலாமா, அண்டி ஆபீஸ், அதான் முந்திரிப்பருப்பு கம்பெனிக்குப் போற அம்மாவுக்க கை விரல்லயும் கால் முட்டியிலயும் வெள்ளை இருக்கு, அவங்களுக்கும் சேத்துப் பண்ணலாமா, ஸ்டெம் செல், 100 சதவீதம் கேரண்டின்னு வர்ற விளம்பரத்த நம்பலாமா. இதான் கேள்வி.

நான் திருவட்டாறு பக்கம். ஸ்கின் ஓ.டி.யில, அதான் ஆபரேஷன் தியேட்டர்ல, ஸ்டாஃப் நர்ஸா 11 வருஷம் நின்னவ, இந்த ஆபரேஷன்ல டாக்டர் பக்கத்துல நின்னு கை நீட்டின நாள் எத்தனையோ இருக்கு, அதனால சொல்லுதேன்.

முதல்ல பதில சொல்லிர்றேன், பொறவு காரணம். தங்கச்சிக்கு பண்ணலாம், அவளுக்கு இருக்கது இந்த சிகிச்சைக்கு நல்லா கேக்குற வகை. ஆனா தைக்கு முன்னாடி பண்ணாதீங்க. அம்மாவுக்கு இப்பம் வேண்டாம்.

நம்ம ஊர்ல இதை பாண்டு, வெள்ளப்பாண்டுன்னு சொல்லுவோம். சில பேரு இன்னும் வெண்குஷ்டம்னு சொல்லுதாங்க, அந்த வார்த்தைய வீட்டுல யாரும் அந்த பிள்ளைக்க காதுல விழுற மாதிரி சொல்ல விடாதீங்க தம்பி. குஷ்டம் கிருமியால வர்றது, இதுல கிருமியே கிடையாது, தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. மீனும் பாலும் சேத்து தின்னதால வந்ததுன்னு சொல்லுறதுக்கும் ஆதாரம் இல்ல, அதைச் சொல்லி பிள்ளைக்கு மீன் குடுக்காம விட்டுராதீங்க.

தொலிக்கு நிறம் குடுக்குறது மெலனோசைட்டுன்னு ஒரு செல்லு. மேல்தொலிக்க அடி வரிசையில அங்கங்க உக்காந்திருக்கும், ஒரு மெலனோசைட்டு சுத்தி இருக்க முப்பத்தஞ்சு நாப்பது செல்லுக்கு நிறம் பங்கு வச்சுக் குடுக்கும். நம்ம உடம்புக்க எதிர்ப்பு சக்தி அதை வேத்தாளுன்னு நெனச்சு அழிச்சா அந்த இடம் வெளுத்துப் போகும். அதான் இந்த நோய். ரத்தம் கெட்டுப்போனதால இல்ல, யாரு பாவமும் இல்ல.

இதுல ரெண்டு வகை இருக்கு, உங்க வீட்டுலயே ரெண்டும் இருக்கு. அம்மாவுக்கு இருக்கது ரெண்டு கை விரலு, கால் முட்டின்னு ரெண்டு பக்கமும் வர்றது, அது எப்ப அடங்கும் எப்ப கிளம்பும்னு சொல்ல முடியாது. தங்கச்சிக்கு இருக்கது ஒரு பக்கமா மட்டும் வர்ற செக்மென்டல் வகை. இது பெரும்பாலும் சின்ன வயசுல வரும், வேகமா பரவும், ஒண்ணு ரெண்டு வருஷத்துல பரவ வேண்டியது பரவிட்டு அப்படியே நின்னுரும். ஆனா இதுக்க கெட்ட குணம் என்னன்னா அந்த இடத்து முடியும் சீக்கிரமே வெளுத்துரும். முடிக்க வேர்ல தான் நிறச்செல்லுக்க கையிருப்பு இருக்கு, லைட் ட்ரீட்மெண்ட்ல, அதான் 311 நானோமீட்டர் புற ஊதா கதிர்ல நிக்கும்போது அந்த வேர்ல இருந்து செல்லு மேல ஏறி வந்து புள்ளி புள்ளியா நிறம் குடுக்கும். வேரே காலியாப் போனா ஒரு வருஷம் இல்ல மூணு வருஷம் லைட்ல நின்னாலும் எங்க இருந்து வரும். தங்கச்சிக்க தாடையில பூனைமுடி வெளுத்திருக்கான்னு வெளிச்சத்துல நிறுத்தி பக்கவாட்டுல பாருங்க, வெளுத்திருந்தா அவ ஒரு வருஷம் லைட்டுக்கு அலைஞ்சது ஏன் வீணாச்சுன்னு புரிஞ்சிரும். அவமேலயும் தப்பில்ல, லைட் குடுத்தவங்க மேலயும் தப்பில்ல.

செல் ட்ரான்ஸ்பிளான்ட்னா பெருசா எதையோ நெனச்சுக்கிட வேண்டாம், நம்ம நாஞ்சில் நாட்டு நாத்து நடவு தான் இது. ஒரு ஏக்கருக்கும் நேரா விதைய வீசாம ஓரத்துல சின்னதா நாத்தங்கால் போட்டு அங்க இருந்து பிடுங்கி வயல் முழுக்க நடுவோம்ல, அதே மாதிரி தொடையிலயோ இடுப்புக்குக் கீழயோ, துணி மறைக்கிற இடத்துல இருந்து கொஞ்சம் தொலி எடுத்து அதுல இருக்க செல்லப் பிரிச்சு அஞ்சு மடங்கு, பத்து மடங்கு பெரிய இடத்துல பரத்துறது. ஒரு தபால்தலை அளவு தொலி தங்கச்சிக்க தாடைக்கு ஏறக்குறைய போதும்.

எப்படி பண்ணுவாங்கன்னா, காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம், மயக்கம் குடுக்க மாட்டாங்க, மரத்துப் போற ஊசி தான். தொடையில மரத்த பொறவு தொலிய நல்லா இழுத்துப் பிடிக்கணும், அந்த இழுத்துப் பிடிக்கிற வேலை பல நாளு எனக்கு தான் வரும். பிளேடை இடுக்கியில கடிக்க வச்சு டாக்டர் சீவுவாங்க பாருங்க, உள்ளிக்க, அதான் வெங்காயத்துக்க, உள்ள ஒரு சவ்வு இருக்கும்ல அந்த கனம் தான், கண்ணாடி மாதிரி இருக்கும், கீழ எழுத்து இருந்தா வாசிச்சிரலாம். தடிமனா எடுத்தா தழும்பு விழும், அதனால இதுல தான் கைப்பழக்கம் வேணும். எடுத்த தொலிய ட்ரிப்சின்னு ஒரு என்சைம் தண்ணியில போட்டு 37 டிகிரியில, அதாவது நம்ம உடம்புச் சூட்டுல, முக்கா மணி நேரம் ஒரு மணி நேரம் வச்சா செல்லுக்கும் செல்லுக்கும் இடையில இருக்க பிடி விட்டுரும். பொறவு ட்ரிப்சின கழுவிட்டு ரெண்டு இடுக்கியால மேல்தொலிய தனியா, அடித்தொலிய தனியா உரிப்பாங்க. அடித்தொலி வேண்டாம். மேல்தொலிய சுரண்டிக் கரைச்சு அந்த கலங்கின தண்ணிய குழாயில ஊத்தி சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்துனா அடியில கடுகு அளவுக்கு தவிட்டு நிறத்துல ஒரு பொட்டு ஒட்டி நிக்கும். எனக்கு முதல் தடவ அதைப் பாத்தப்ப கண்ணு கலங்கிப் போச்சு, ஒரு பிள்ளைக்க முகத்துக்கு வர வேண்டிய நிறம் முழுக்க அந்த ஒரு பொட்டுல இருக்கு.

இது ஓடுற நேரத்துல வெள்ளை இருக்க இடத்த ரெடி பண்ணணும். அங்கயும் ஊசி போட்டு, சின்ன வைரக்கல் சக்கரத்தாலயோ லேசராலயோ மேல்தொலிய தேச்சு எடுப்பாங்க, பனி பூத்த மாதிரி சின்னச் சின்ன ரத்தப் பொட்டு வந்த உடனே நிறுத்திரணும், அதுக்குக் கீழ போகக் கூடாது. அந்த செல்லு தண்ணிய சொட்டு சொட்டா விட்டு, மேல கொலாஜன்னு ஒரு புரதத்துல செஞ்ச மெல்லிசு சீட்டு வச்சு கட்டிருவாங்க. அந்த ஊசி வலிக்கும், அதை மறைக்க மாட்டேன், தாடையில போடும்போது பிள்ளைக கையை இறுக்கிப் பிடிப்பாங்க. தேய்க்கும்போது வலி இருக்காது, சத்தம் தான்.

ஒரு வாரம் கட்டு. தாடைன்னா அந்த ஒரு வாரம் தான் பெரிய வேலை, ஏன்னா வாய் அசைஞ்சா கட்டு அசையும், கட்டு அசைஞ்சா செல்லு பிடிக்காது. கஞ்சி, ஜூஸ், இளநீ, குழைச்ச சோறு, இதோட நிறுத்தணும், மரச்சீனி மாதிரி மென்னு தின்னுறது எல்லாம் அந்த வாரம் கிடையாது, போன்ல பேச்சும் குறைக்கணும். கட்டு அவிழ்க்கும்போது சலைன் ஊத்தி ஊற வச்சு மெதுவா எடுப்போம், அப்ப உள்ள செக்கச் செவேர்னு இருக்கும், அதைப் பாத்துட்டு அழுற பிள்ளைகளும் உண்டு, அம்மாமாரும் உண்டு. அது தான் சரி, அப்படித் தான் இருக்கணும். மூணு நாலு வாரத்துல அங்கங்க தவிட்டுப் பொட்டு தெரிய ஆரம்பிக்கும், அது ஒண்ணோட ஒண்ணு சேந்து வர மூணு மாசம் ஆறு மாசம் ஆகும், பக்கத்துத் தொலியோட சேந்து ஒரே நிறமா நிக்க ஒரு வருஷம் கூட எடுக்கும். முதல்ல சுத்தி இருக்க தொலிய விட கறுப்பா வரும், பொறவு தான் இறங்கும். ஓரத்துல மெல்லிசா ஒரு வெள்ளை வளையம் சிலருக்கு நிக்கும். இடையில லைட் ட்ரீட்மெண்ட் மறுபடியும் குடுப்பாங்க, இப்ப செல்லு இருக்கதால இந்த தடவ அது வேலை செய்யும். வெளுத்த முடி கூட சிலருக்கு கறுத்திருக்கு, ஆனா அதை நம்பி இறங்காதீங்க.

இப்ப கணக்குப் போடுங்க தம்பி. இப்ப ஐப்பசி, கல்யாணம் தை. மூணு மாசம். கட்டு, சிவப்பு, பொட்டுப் பொட்டா கறுப்புன்னு முகம் ரொம்ப வித்தியாசமா இருக்க நேரத்துல தான் உங்க தங்கச்சி மணமேடையில உக்காருவா. அதுக்கு மேல பார்லர்காரங்க மேக்கப் போட்டுத் தேய்ப்பாங்க. வேண்டாம். தைக்கு அவளுக்குப் பிடிச்சா வெள்ளைய மறைக்கிற கேமோஃப்ளாஜ் க்ரீம் இருக்கு, தோல் டாக்டரே நிறம் பாத்துத் தருவாங்க, பிடிக்கலன்னா அப்படியே உக்காரட்டும். கல்யாணம் முடிஞ்சு சாவகாசமா ஒரு மாசம் வீட்டுல இருக்க முடியிற நேரமா பாத்து பண்ணுங்க. சித்திரை வெயிலையும் தள்ளுங்க, வேர்வையில கட்டு நழுவும்.

மாப்பிள்ளை வீட்டுக்கு தெரியுமான்னு நீங்க எழுதல. தெரியாதுன்னா சொல்லிருங்க, செல் ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணி மறைச்சு கல்யாணம் முடிச்சிரலாம்னு ஒரு யோசனை வீட்டுல ஓடுச்சுன்னா அதை நிறுத்துங்க. பிள்ளைகளுக்கு வருமான்னு கேப்பாங்க, பாண்டு இருக்கவங்களுக்கு பிறக்குற பிள்ளைகள்ல மிகப் பெரும்பாலானவங்களுக்கு வர்றதே இல்ல, தைரியமா சொல்லலாம்.

அவசரம் வேண்டாம்னு நான் இவ்வளவு அழுத்திச் சொல்லுறதுக்கு ஒரு பையன் காரணம். பேரு வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம். போலீஸ் செலக்‌ஷனுக்கு முன்னாடி முன்கையில இருந்த வெள்ளை போகணும்னு வந்தான். எட்டு மாசமா பரவலன்னு அவங்க அப்பா சொன்னாரு. போட்டோ ஒண்ணும் இல்ல, சொன்னத எழுதிக்கிட்டு பண்ணிட்டாங்க. முன்கையில நிறம் கொஞ்சம் வந்துட்டு திரும்பப் போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு வந்து வேட்டிய ஒதுக்கி தொடையக் காட்டுறான், தொலி எடுத்த அதே நீள்சதுரம், ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி வெள்ளை. நோய் உள்ள அடங்காம இருந்திருக்கு. நோய் அடங்காத தொலியில எங்க காயம் பட்டாலும் அந்தக் காயத்துக்க வடிவத்துலயே வெள்ளை வரும், கோப்னர்னு இதுக்குப் பேரு. ஒரு வெள்ளைய எடுக்க வந்தவனுக்கு ரெண்டு வெள்ளை. அவன் எங்கள ஒண்ணும் சொல்லல, தலைய குனிஞ்சுட்டு இருந்தான், எனக்கு அது தான் இன்னும் மனசுல கிடக்கு.

அதனால எந்த முறை, எந்த மெஷின், எந்த ஊருன்னு கேக்குறதுக்கு முன்னாடி நோய் அடங்கிருக்கான்னு தான் பாக்கணும். குறைஞ்சது ஒரு வருஷம் புதுசா ஒண்ணும் வரக் கூடாது, இருக்கது ஓரத்துல பெருகக் கூடாது, கொசு கடி, கீறல், சூடு பட்ட இடம் எதுவும் வெளுக்கக் கூடாது. தூவி விட்ட மாதிரி பொடிப் பொடியா வெள்ளைப் பொட்டு இருந்தாலோ, வெள்ளைக்கும் சாதா நிறத்துக்கும் நடுவுல மங்கலா ஒரு மூணாவது நிறம் ஓடுனாலோ அது அடங்கலன்னு அர்த்தம். வாய் வார்த்தை போதாது. இன்னைக்கே தங்கச்சிக்க தாடைய ஜன்னல் பக்கத்துல நிக்க வச்சு, பக்கத்துல ஒரு ஸ்கேல் பிடிச்சு போட்டோ எடுங்க, தை முடிஞ்சு அதே ஜன்னல்ல அதே நேரத்துல திரும்ப எடுங்க. பழைய காலேஜ் ஐ.டி கார்டு போட்டோ, சொந்தக்காரங்க கல்யாண போட்டோ எல்லாம் தேடி எடுத்து வைங்க, அவளுக்கு ஆறேழு வருஷமா அசையலன்னா அதுலயே தெரிஞ்சிரும். டாக்டர் வுட்ஸ் லேம்புன்னு ஒரு நீல லைட்டுல இருட்டு ரூம்ல பாத்து எல்லைய குறிப்பாங்க, சந்தேகம் இருந்தா ரெண்டு மூணு பொட்டு தொலி மட்டும் நட்டுப் பாத்து மூணு மாசம் காத்திருந்து பொறவு முழுசா பண்ணுவாங்க. அப்படி ஒரு டாக்டர் காக்க வச்சா கோவப்படாதீங்க, அவங்க கிட்டயே பண்ணுங்க. காது குத்தின இடத்துல தடிச்சுக் கட்டியா வளர்ந்திருக்கா தங்கச்சிக்கு? இருந்தா கண்டிப்பா சொல்லணும், தேய்க்கிற இடத்துல தழும்பு தடிக்க வாய்ப்பு உண்டு.

விளம்பரம் பத்தியும் கேட்டிருந்தீங்க, ஸ்டெம் செல், 100 சதவீதம் கேரண்டின்னு. இது ஸ்டெம் செல் வைத்தியம் இல்ல, அவளுக்க சொந்தத் தொலியில இருந்து எடுத்த சாதா செல்லு தான். கேரண்டின்னு போட்டிருக்க இடத்துக்குப் போகாதீங்க. புதுசும் இல்ல. தொலிய மெல்லிசா எடுத்து அப்படியே ஒட்டுறத டெல்லியில டாக்டர் பெஹ்ல் 1964லயே எழுதிட்டாரு. செல்லாப் பிரிச்சு நடுறத பிரான்ஸ்ல கோத்தியே 1992ல சொன்னாரு, 1998ல சுவீடன்ல ஆல்சன், யூலின்னு ரெண்டு பேரு இப்ப பண்ணுற மாதிரி தேச்சு எடுத்து அதுமேல விடுற முறைய கொண்டு வந்தாங்க, பொறவு நம்ம நாட்டு டாக்டர்மாரு, டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ., இவங்க எல்லாம் பெரிய லேப் இல்லாம சாதா ஓ.டி.யிலயே பண்ணுற அளவுக்கு எளிசாக்கிட்டாங்க. ஜோத்பூர் முறைன்னு ஒண்ணு இருக்கு, அதுல ட்ரிப்சினும் கிடையாது சென்ட்ரிஃப்யூஜும் கிடையாது, தொடைய தேச்சு வர்ற கூழை எடுத்து அப்படியே வெள்ளையில தடவி கட்டிருவாங்க, அதுலயும் நல்லா வருது. அமெரிக்காவுல ரீசெல்னு ஒரு கிட்டுக்கு பாண்டுக்காக எஃப்.டி.ஏ., அதான் அங்க மருந்துக்கு அனுமதி குடுக்குற அரசு அமைப்பு, அனுமதி குடுத்ததே 2023 ஜூன்ல தான். அதனால வெளிநாட்டு கிட்டுன்னு சொல்லி காசு கூட கேட்டா மிரள வேண்டாம்.

இடம் சின்னதுன்னா செல்லு பிரிக்கவே வேண்டாம், தொடையில சிரிஞ்சை கவுத்து வச்சு காத்தை இழுத்துப் பிடிச்சா ரெண்டு மூணு மணி நேரத்துல கொப்புளம் கிளம்பும், அந்தக் கொப்புளத்துக்க மேல் சவ்வை எடுத்து ஒட்டுனா போதும், செலவும் குறைவு. உதட்டுக்கு, கண் இமைக்கு இதை நல்லா பண்ணுவாங்க. தங்கச்சிக்கு தாடை, கழுத்துன்னு அகலமா இருக்கதால செல்லு தான் வசதி. திருவனந்தபுரத்துக்குப் போறதுக்கு முன்னாடி நாகர்கோவில் ஆசாரிபள்ளம் கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஸ்கின் ஓ.பி.லயும் ஒரு தடவ காட்டுங்க, ரெண்டாவது கருத்து கேட்டா எந்த நல்ல டாக்டரும் தப்பா எடுக்க மாட்டாங்க.

நாட்டு வைத்தியம் பத்தி ஒண்ணு சொல்லிர்றேன், ஏன்னா நம்ம பக்கம் அது இல்லாத வீடு கிடையாது. கார்போகரிசி அரைச்சுப் போட்டு வெயில்ல நிக்கச் சொல்லுவாங்க. அது சும்மா இல்ல, அதுல சோரலின் இருக்கு, வெயிலோட சேந்தா நிறத்த தூண்டும், இங்கிலீஷ் மருந்துலயும் அதே பொருளைத் தான் பல வருஷம் குடுத்தாங்க. ஆனா அளவு கூடிட்டா தொலி வெந்து கொப்புளிக்கும், அந்தப் புண்ணுலயே வெள்ளை கூடிரும். அதுமட்டுமில்ல, வேர்ல செல்லு இல்லாத இடத்துல லைட்டு எப்படி வேலை செய்யலையோ அப்படியே இதுவும் செய்யாது. தங்கச்சிக்கு வேண்டாம்.

இனி அம்மா. விரல் நுனி, கணு, உள்ளங்கை ஓரம், இங்கெல்லாம் செல்லு வச்சாலும் பிடிக்கிறது கஷ்டம். முடி இல்லாத தொலி, எந்நேரமும் மடங்கி நிமிர்ற இடம், தண்ணியிலயும் வேலையிலயும் கிடக்குற கை. அதுக்கு மேல அண்டித் தோட்டுல இருக்க எண்ணெய் தொலிய எப்படி பொசுக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், அம்மாவுக்க கைய பாத்து வளந்தவரு நீங்க. ஒவ்வொரு தடவ அந்த எண்ணெய் பட்டு தொலி உரியும்போதும் அங்க வெள்ளை வர ஒரு வழி திறக்குது. அடங்காத நோய், அடங்க விடாத வேலை, இதுல ஆபரேஷன் பண்ணா அந்தப் பையனுக்க கதை தான் திரும்ப நடக்கும். அம்மாவுக்கு முதல்ல கையுறை. வெறும் எண்ணெய் தடவிட்டு அண்டி தல்லுறது, அதான் தோட்ட உடைக்கிறது, போதாது, உள்ள காட்டன் கையுறை, மேல ரப்பர் கையுறை போடட்டும், வேகம் குறையும், கூலி கொஞ்சம் குறையும், முடிஞ்சா தல்லுறத விட்டுட்டு பருப்புத் தொலி உரிக்கிற பக்கமோ தரம் பிரிக்கிற பக்கமோ மாத்திக் கேளுங்க. கால்ல ரப்பர் செருப்பு வார் படுற இடத்துல மட்டும் வெள்ளை இருக்கான்னும் பாருங்க, சில ரப்பர்லயும் பசையிலயும் இருக்க கெமிக்கல் நிறச்செல்லையே கொல்லும், அப்படி இருந்தா செருப்ப மாத்தணும். தைராய்டு டெஸ்ட் ஒண்ணு எடுத்துருங்க, இந்த வகைக்கும் தைராய்டுக்கும் கூட்டு உண்டு. பரவுறத நிறுத்த மாத்திரை இருக்கு, ரக்சோலிடினிப்னு ஒரு க்ரீமுக்கு 2022ல அமெரிக்காவுல அனுமதி ஆகிருக்கு, அந்த குடும்பத்து மருந்துகள நம்ம ஊர் டாக்டர்மாரும் எழுதுறாங்க, ரத்த டெஸ்ட் பாத்து அவங்க சொன்னா மட்டும் தொடங்கணும். முட்டியில இருக்க வெள்ளைக்கு லைட்டு கேக்கலாம், விரலுக்கு ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்னு அம்மா கிட்ட முன்னாடியே பக்குவமா சொல்லிருங்க.

தங்கச்சிக்க ஜன்னல் போட்டோ எடுக்கும்போது அம்மாவுக்க கை ரெண்டையும் ஒரு வெள்ளைத் துணியில விரிச்சு வச்சு எடுத்துருங்க தம்பி. அடுத்த தடவ டாக்டர பாக்கப் போகும்போது ரெண்டு பேருக்க போட்டோவும் கையில இருக்கட்டும்.